தெக்லா பெரியம்மாவின் ஒரே வசனம்

எங்கள் ஊரில் யாரையாவது நிறுத்தி "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டால், "நம்ம ஆளுங்கதான்" என்று பதில் வரும். என்ன மொழி பேசுகிறீர்கள் என்றால் "நம்ம பேச்சு" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் சண்டை வரும். எங்கள் தாத்தாக்கள் விட்டுவந்த மலைக்கிராமம் அவர்கள் பிறந்தபோது ஹங்கேரியில் இருந்தது. பிறகு செக்கோஸ்லோவாக்கியா ஆனது. பிறகு சோவியத் யூனியன். கிராமத்தில் யாரும் வீடு மாறவில்லை, நாடுதான் வந்து வந்து போனது. "எங்க சித்தி ஒருத்தி இன்னும் அங்கதான் இருக்கா. அவளுக்கு மூணு தேசம், ஒரே அடுப்பு" என்பாள் தெக்லா பெரியம்மா.

தெக்லா வாஸ்கோ என் அப்பாவுடைய அண்ணன் மனைவி. பென்சில்வேனியாவில், ஆற்றங்கரை எஃகு ஆலைக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹார்க்கன் என்ற ஊரில் பிறந்தவள். மூன்றாம் தெருவில் பிறந்து, அதே தெருவில் எதிர்வரிசைக்குக் கல்யாணமாகிப் போனவள். அவள் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு ஹோட்டலில் சட்டை இஸ்திரி போடப் போனாள். வீட்டில் நம்ம பேச்சு. வெளியே வந்தால் ஆலைவாசலில் நிற்கிற ஐரிஷ்காரன் எப்படி இங்கிலீஷ் பேசுவானோ அப்படியே பேசுவாள், அதே இழுப்பு, அதே கெட்டவார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவள் எந்தக் கோவிலுக்குப் போகிறவள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோவில் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் தெருவில் இரண்டு கோவில்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரே மாதிரிக் கூம்பு, ஒரே மாதிரி மூன்று கட்டைச் சிலுவை, உள்ளே ஒரே பாட்டு. முன்பு ஒன்றாகத்தான் இருந்தது. கல்யாணமானவர் பாதிரியாராக வரலாமா கூடாதா என்று ரோமாபுரியிலிருந்து வந்த உத்தரவில் சண்டை மூண்டு, வழக்காடி, தோற்றவர்கள் தெருவைத் தாண்டி இன்னொன்றைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டது ரஷ்யத் திருச்சபை. அதனால் புதுக் கோவிலின் வாசல் கல்லில் "ரஷ்ய" என்ற சொல் ஏறிவிட்டது. அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே போகிறவர்களில் ஒருவர்கூட ரஷ்யாவைப் பார்த்ததில்லை.

சிமியோன் பெரியப்பா அந்தக் கோவிலைச் சேர்ந்தவர். ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். உயரத்தில் உட்கார்ந்து, கொதிக்கிற எஃகுப் பானையைக் கீழே நிற்கிறவர்கள் தலைக்கு மேலாக நகர்த்துகிற வேலை. கொரியப் போர் நடந்த சமயம், ரஷ்யா என்றாலே ஊருக்கு ஆகாத காலம். யாரோ ஒருவன் ஆலை மேலாளரிடம் போய், "நம்ம தலைக்கு மேல பானைய ஆட்டுறவன் ரஷ்யக் கோவிலுக்குப் போறவன், தெரியுமா?" என்று சொன்னான். அரசாங்கத்திலிருந்து கோட் போட்ட இரண்டு பேர் வந்து அவரை விசாரித்தார்கள். கிரேன் போனது. அடுத்த வாரம் ஆலையும் போனது. வீட்டுச் சுவரில் "மாஸ்கோவுக்கே போ" என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. மனிதர் அந்தச் சுவருக்கு மேலே இருக்கிற மாடி அறையில் பிறந்தவர். ஆலைவாசல் பாரில், அப்போது இளைஞனாக இருந்த பார்க்காரன் ராய் டாலிவர், அவர் முன்னால் தான் வைத்த பீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஸ்டாலின் வீட்ல போய்க் குடி" என்றான். பார் முழுக்கச் சிரித்தது. கூடவே கிரேனில் வேலை பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் பெருக்கினார். சாயங்காலம் நேரே வீடு. கோவிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். வெளியே நம்ம பேச்சில் ஒரு சொல் பேசமாட்டார். மகன் பாவெல் கிளீவ்லண்டுக்குப் போய் வாஸ்கோ என்ற பெயரை வெஸ்ட் என்று மாற்றிக்கொண்டான். பெரியம்மா அவனைத் திட்டவில்லை. "சுவத்துல எவனோ அடிச்ச பெயின்ட்ட அவன்தான தேச்சான்" என்றாள், அவ்வளவுதான்.

பெரியம்மா மட்டும் சளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பழைய கோவிலின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே இருக்கிற கூடத்தில், பெண்கள் கூடி பிரோஹி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து விளிம்பை விரலால் அழுத்தி மூடுகிற கொழுக்கட்டை. அதை விற்றுத்தான் கோவிலுக்குக் கூரை போடுவார்கள். எதிர்க் கோவில் பெண்களும் வருவார்கள். மாவுக்கு முன்னால் மதச்சண்டை கிடையாது, வாய்ச்சண்டை மட்டும் உண்டு. பெரியம்மா நடு மேஜையில் உட்கார்ந்து எல்லோரையும் ஓட்டுவாள்.

"ஏ மார்த்தா, உன் பிரோஹி வாய் தொறந்து கிடக்கு பாரு. உன்ன மாதிரியே."

"உன்னது மாதிரி கல்லா இருக்கறதுக்கு தொறந்திருக்கறது மேல்."

மார்த்தா ஹன்சாக் எதிர்க் கோவிலின் பாடகர் ஃபெதோர் ஹன்சாக்கின் மனைவி. பக்கத்தில் உட்கார்கிற வெரோனா கிஸ் பெரியம்மாவுக்குக் குமா. அதாவது ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தாய். எங்கள் ஊரில் அக்கா தங்கையைவிடக் கிட்டத்து உறவு அது.

எழுபதுகளின் கடைசியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

ஒரு எஃகு ஆலைக் குடும்பத்தின் கதை. எங்கள் ஆலை, எங்கள் தெரு, எங்கள் கோவில் அடித்தளம் எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. பெண்களையும் அப்படியே நடிக்கச் சொன்னார்கள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்த இயக்குநர், "இவங்கதான் பாட்டி" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் கூடையைத் திறந்து, ஆலையில் கைவிரல் போன பேரனுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்து ஒரு வசனம் பேச வேண்டும். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்துதான். "பாட்டியாம்! எனக்கு இன்னும் ஒரு பல்லு ஆடல" என்றாள். ஆனால் சந்தோஷம்தான்.

வசனத் தாளைக் கையில் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கதாநாயகன் பெயர் இவான் பெத்ரோவ். குடும்பம் ரஷ்யாவிலிருந்து வந்தது. அடித்தளத்தில் வைக்க ஒரு பலலைக்கா கொண்டுவந்திருந்தார்கள், முக்கோண வயிறுள்ள ரஷ்ய வாத்தியம். எங்கள் தெருவில் அதை யாரும் கண்ணால் கண்டதில்லை, கல்யாணத்துக்கு அக்கார்டியன்தான். ஆண்களுக்கெல்லாம் மயிர்த்தொப்பி. எங்கள் ஆண்கள் பேஸ்பால் தொப்பி போடுகிறவர்கள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு பழைய படங்கள் நிறையப் பார்த்தேன். எங்களைப் போன்றவர்கள் வந்தால் பெயர் இவான் அல்லது போரிஸ். உடம்பு பெரிசு, பேச்சு கம்மி, குடிப்பான், அழுவான், இடைவேளைக்குப் பிறகு சாவான். பெண் என்றால் தலையில் துணி, கையில் கரண்டி. அந்த மனிதன் எந்த மலையிலிருந்து, எந்தக் கோவிலிலிருந்து வந்தான் என்று படமெடுத்தவர்களுக்குக் கவலையில்லை. கிழக்கே இருந்து வந்தவன், அது போதும். இதைப் பற்றிக் கோபமாக ஒரு கட்டுரைகூட எழுதினேன். ஆனால் முதல் வாரம் அறைத்தோழி "வாஸ்கோன்னா எந்த ஊர்ப் பேரு?" என்று கேட்டபோது, "கிழக்கு ஐரோப்பா" என்றுதான் சொன்னேன். பாதிக் கண்டத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

பெரியம்மாவுக்கு நிச்சயம் இருந்தது. கதை எழுதிய டெரன்ஸ் என்ற மனிதரைத் தேடிப் போனாள். மெலிந்த, மரியாதையான ஆள்.

"தம்பி, இந்த 'ரஷ்யா'வ எடுத்துடு."

"ஏம்மா? எதிர்க் கோவில் வாசல் கல்லுலயே அப்படித்தான போட்டிருக்கு?"

"கல்லு ஆயிரம் சொல்லும். அந்தக் கல்லால என் வீட்டுக்காரர் சோறு போச்சு. இந்த ஊர் முழுக்க உக்காந்து பாக்கப்போற படம் இது. அதுலயும் அதையே சொன்னா அவர் செத்தே போயிடுவார்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரிம்மா. மாத்தலாம். எனக்கு ஒரு பேரு வேணும், ஒரே பேரு. நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, அதையே போட்டுடறேன்."

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. பெரியம்மா வீட்டுக்கு ஓடிவந்து பெரியப்பாவிடம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு கோவில் ஆட்களையும் அடித்தளத்தில் கூட்டினாள். இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கூட்டத்துக்கும் வராத சிமியோன் பெரியப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விடுமுறையில் இருந்தேன். அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்தேன்.

பெரியம்மா எழுந்து, "இதுல பேச என்ன இருக்கு? நாம ரூசின்காரங்கன்னு சொல்லிடுவோம், மலையில இருந்த நம்ம சனத்துக்குப் பழைய பேரு அதுதான. எங்கப்பா அப்படித்தான் சொன்னார்" என்றாள்.

"உங்கப்பா சொன்னாரு, எங்கப்பா சொல்லல" என்றார் ஃபெதோர் ஹன்சாக். "கார்பாத்தோ-ரஷ்யர்னு சொல்லணும். மலையையும் சேத்துச் சொல்லணும்."

"அதுலயும் ரஷ்யா வருதேய்யா! அதுக்குத்தான கூட்டமே!"

"அந்த ரஷ்யா வேற, இந்த ரஷ்யா வேற."

வெரோனா கிஸ் கை தூக்கினாள். "நாங்க ஸ்லோவாக். என் மாமனார் ஸ்லோவாக் சங்கத்துலதான் சேந்தாரு."

"ஓ, பாட்டெல்லாம் எங்க பாட்டு, சங்கம் மட்டும் ஸ்லோவாக்கா?"

"உக்ரேனியர்னு சொல்றதுதான் சரித்திரப்படி சரி" என்றார் கனடாவிலிருந்து பெண்ணெடுத்த ஒருவர். மூன்று பேர் ஒரே சமயத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். "பழைய கோவில் பேர வச்சு கிரேக்கக் கத்தோலிக்கர்னு போட்டா என்ன?" என்று ஒரு குரல். "போடு, அப்புறம் கிரீஸ்லேந்து ஆலிவ் எண்ணெய் கொண்டு வந்தோம்னு எழுதுவான்." சிரிப்பு. "எங்க தாத்தா ஆஸ்திரியப் பட்டாளத்துல இருந்தவரு" என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். "உக்காருங்க தாத்தா, அந்த ராஜா செத்து அறுபது வருஷமாச்சு." ரூசின் என்று சொன்னால் ரஷ்யன் என்பதை வாய் குழறிச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள் என்றான் ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவன். அதற்கு என் அப்பாவே தலையாட்டினார்.

அப்போது பெரியப்பா எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதை வேணா வைங்க" என்றார். "ஏதாவது ஒண்ண வைங்க. அந்த ஒரு வார்த்தை வேணாம். எனக்காக."

அத்தோடு முடிந்திருக்கலாம். ஃபெதோர் ஹன்சாக்கின் தொண்டை எதிலும் கடைசியாக ஓயும் தொண்டை. "சிமியோன், உனக்கு நடந்தது எங்களுக்கும் வருத்தம்தான். அதுக்காக எங்க கோவில் கல்ல நாங்க செதுக்கி எறியணுமா? அந்த வார்த்தைய நீ பயந்து விட்டுட்டே. நாங்க விடல."

பெரியப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். கூட்டம் அதற்குப் பிறகும் நடந்தது. டெரன்ஸ் கைக்கு ஐந்து பேர் ஐந்து பெயர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் பெரியம்மாவிடம் வந்து, "நான் என்னம்மா செய்யட்டும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. ரஷ்யா அப்படியே இருந்துவிட்டது.

படப்பிடிப்பு நடந்தபோது நான் கல்லூரிக்குத் திரும்பியிருந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதைப் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். அவள் மேஜையில் கூடையைத் திறந்தாள். மஞ்சள் ரொட்டி, பன்றித்தொடை, பீட்ரூட் சேர்த்த காரக்கிழங்கு. பக்கத்தில் ஒருபுறம் மார்த்தா, மறுபுறம் குமா வெரோனா. விளக்குகள் எரிந்தன. அவள் சொல்ல வேண்டியது, "சாப்பிடு இவான். ரஷ்யாவில் உன் தாத்தா பட்டினி கிடந்தார்." அவள் ரொட்டியைப் பிய்த்து அந்த நடிகன் கையில் வைத்து, "சாப்பிடுப்பா. நாம ரஷ்யக்காரங்க இல்ல. ரூசின்காரங்க. மலையிலேந்து வந்தவங்க. யார் என்ன சொன்னாலும் மறக்காத" என்றாள்.

இயக்குநர் கண்ணில் தண்ணீர் வந்ததாம். இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அவர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போதும்மா, இதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நெஜமாவா?"

"ரெண்டு தடவை சொன்னேன்யா. அந்த ஆளு அழுதாரு."

"வெட்டிடுவாங்க."

"வெட்டுனா வெட்டட்டும். இந்த மூஞ்சிய வெட்ட மாட்டாங்க. அழுதாரே!"

அந்தக் குளிர்காலம் முழுக்க பெரியம்மாவுக்கு ஒரே வேலை அவரைப் படத்துக்குக் கிளப்புவது. அந்த ராய் டாலிவர் உட்கார்ந்திருப்பான், கோட் போட்டவர்களைக் கூட்டிவந்தவன் உட்கார்ந்திருப்பான், அவர்கள் எல்லோர் முன்னாலும் அந்தப் பெரிய திரையில் அது சொல்லப்படப் போகிறது, நீ வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவர் புதுக் காலணி வாங்கிக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

ஹார்க்கனில் படம் போட்ட முதல் நாள் தியேட்டரில் இடமில்லை. நான் பெரியம்மாவுக்கு இந்தப் பக்கம், பெரியப்பா அந்தப் பக்கம். எங்கள் ஆலைப் புகை திரையில் வந்ததும் விசில். தெருவிலிருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கைதட்டல். மயிர்த்தொப்பிகள் வந்தன, பலலைக்கா வந்தது, எங்கள் ஆண்கள் கண்ணாடிக் கோப்பையைத் தரையில் போட்டு உடைத்தார்கள். "ஏ, அந்தக் கோப்பைய யார் கூட்டிப் பெருக்குறது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். சிரித்தோம். பெரியம்மா ஒரு கையால் பெரியப்பாவின் கையையும் மறுகையால் என் கையையும் பிடித்துக்கொண்டாள். "அடுத்தது நான்தான்."

கூடை திறந்தது. அவள் முகம் திரை முழுக்க நிறைந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது. ரொட்டியைப் பிய்த்தாள், வாயைத் திறந்தாள். வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல். நடுங்கிக்கொண்டு, எழுத்தெழுத்தாக, இங்கிலீஷையே போன வாரம் கற்றுக்கொண்டவள் மாதிரியான உச்சரிப்பில், "சாப்... பிடு... இவான். ரஷ்...யாவில்... உன் தாத்தா... பட்டினி" என்றது. பெரியம்மாவின் உதடுகள் அதற்குப் பொருந்தவில்லை. வசனம் முடிந்த பிறகும் கொஞ்சநேரம் சும்மா அசைந்தன. உடனே காமிரா பேரன் முகத்துக்குப் போய்விட்டது.

அரங்கில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். நல்ல காட்சி அது.

பெரியம்மா என் கையை விட்டாள். அவர் கையையும் விட்டாள். பெரியப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து விளக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. ராய் டாலிவர். தலை நரைத்து, தொந்தி வைத்து, கண் கலங்கியிருந்தான்.

"சிம், உன் பொண்டாட்டி என்னைய அழ வச்சுட்டா. உங்க ரஷ்யக்காரங்க என்ன கஷ்டப்பட்டிருக்கீங்கடா! எனக்குத் தெரியாமப் போச்சு. நாளைக்கு பாருக்கு வா. என் கணக்கு."

பெரியப்பா, "நன்றி ராய்" என்றார்.

வீட்டுக்கு ஏறுகிற சரிவில் நாங்கள் மூவரும் நடந்தோம். பாதி தூரத்தில் அவர் நின்றார்.

"தெக்லா, நீ என்ன சொன்னே அங்க?"

"நான் சொன்னதத்தான் உன்கிட்ட சொன்னேனே."

"அங்க வந்தத என் காதாலயே கேட்டேன். உன் வாய்தான் அசைஞ்சுது."

"அது என் குரலாய்யா? முப்பத்தஞ்சு வருஷமா என் குரலக் கேட்டவன்தான நீ? நான் அப்படியா பேசுவேன்?"

"அப்படிப் பேசச் சொல்லியிருப்பாங்க. பேசியிருப்பே. சினிமாவாச்சே." பிறகு கொஞ்சம் மெல்ல, "அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம். என்னக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருக்க வேணாம்" என்றார்.

என்னைப் பார்த்தார். நான் கல்லூரியில் இருந்தேன், அங்கே இல்லை, என்ன சொல்ல முடியும்? குரலைப் பிறகு ஒரு அறையில் வைத்து மாற்றுவார்கள் பெரியப்பா, எல்லாப் படத்திலும் நடக்கிறதுதான் என்று விளக்கினேன். "படிச்சவ, எல்லாம் தெரியும்" என்றார். கேலி செய்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா அடித்தளத்துக்குப் போய், மாவைத் தொடாமல் மார்த்தாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"மார்த்தா, நீ என் பக்கத்துலதான இருந்தே? நான் என்ன சொன்னேன்னு வீட்டுக்கு வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

மார்த்தா விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். "நீ என்னமோ சொன்னே."

"என்னமோவா? என்ன சொன்னேன்?"

"அது நம்ம பேரு இல்லியே தெக்லா. நான் வந்து 'ஆமா, அவ ரூசின்னு சொன்னா'ன்னு சொன்னா, நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எங்க வீட்டுக்காரர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கூட்டத்துல அவ்ளோ தூரம் பேசிட்டு."

"நீ ஒத்துக்க வேணாம்டி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லு!"

"என்னை விட்டுடு."

பெரியம்மா வெரோனா பக்கம் திரும்பினாள். "குமா?"

வெரோனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "நீ எல்லாரையும் சேத்துச் சொல்லிட்டே குமா. 'நாம'ன்னே. நான் உக்காந்திருக்கறப்பவே. நான் ஸ்லோவாக்னு உனக்குத் தெரியாதா? அப்ப எனக்கும் வலிச்சுது. 'நான்'னு சொல்லியிருந்தா வந்து சொல்லியிருப்பேன்."

இதை என்னிடம் சொன்னபோது பெரியம்மா அழவில்லை. "சினிமாக்காரன் என் குரல எடுத்தான். அது தொழில். இவளுங்க காத எடுத்துக்கிட்டாளுங்க" என்றாள். சினிமாக் கம்பெனிக்குப் போன் போட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசியதில், பழைய ஒலியெல்லாம் அழித்தாகிவிட்டது என்று ஒரு பெண் அன்பாகச் சொன்னாள். நான் பெரியம்மாவை நம்புகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், திரையில் அசைந்து முடியாத அந்த உதடுகளைத்தான் சொல்ல வேண்டும். வசனம் சின்னது. உதடுகள் பேசியது நீளமானது. பெரியப்பாவிடமும் அதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அவருக்கு அப்போது நேரமில்லை. பாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஆம், ராய் டாலிவரின் பாருக்கு. முதல் நாள் மரியாதைக்காகப் போனார். பிறகு சனிக்கிழமைகளில். பிறகு தினமும். முன்பு அவருடைய பீரை எடுத்துக்கொண்டவன் இப்போது அவருக்காக ஜன்னலோர நாற்காலியை ஒதுக்கிவைத்தான். படம் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அவரைக் காட்டி, "இவர்தான் அந்தப் பாட்டியோட வீட்டுக்காரர். அசல் ரஷ்யர்" என்பான். பெரியப்பா மறுக்கவில்லை. முதலில் சும்மா இருந்தார், பிறகு தலையாட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் தெரு மாடி அறையில் பிறந்த மனிதர், ரஷ்யாவின் பனியில் தன் அப்பா ஓநாயைத் துரத்திய கதையைச் சொன்னார்.

கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம், பாவெல் குடும்பத்தோடு வந்திருக்கிறான், சாப்பாடு ஆறுகிறது என்று பெரியம்மா அவரைக் கூப்பிடப் போனாள். நானும் கூடப் போனேன். பார் வாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை. உள்ளே நுழைந்ததும் ராய் கையைத் தட்டினான்.

"வந்துட்டாங்கப்பா நட்சத்திரம்! இவங்கதான்! அம்மா, அந்த வசனத்த ஒரு தடவை சொல்லுங்க. இவங்க எல்லாம் ஒஹையோலேந்து வந்திருக்காங்க."

"சாப்பாடு ஆறுது, எந்திரி" என்றாள் பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்து.

ஒஹையோக்காரி ஒருத்தி சிரித்துவிட்டு, "என்னது, இவங்க நம்மள மாதிரியே பேசறாங்க?" என்று தன் புருஷனிடம் கேட்டாள். ஏமாந்துபோன குரல். புருஷன் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தான், அந்த ஓநாய்க் கதை பொய்யோ என்று சந்தேகப்படுகிற மாதிரி. ராயும் பார்த்தான்.

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், அடித்தளத்தில், "எனக்காக" என்று அவர் சொன்னபோது. இப்போது வாயால் சொல்லவில்லை.

பெரியம்மா கைப்பையை மேஜைமேல் வைத்தாள். முதுகைக் கொஞ்சம் வளைத்தாள். திரையில் கேட்ட அதே நடுங்குகிற குரலில், அதே உடைந்த உச்சரிப்பில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

"சாப்... பிடு... இவான். ரஷ்...யாவில்... உன் தாத்தா... பட்டினி."

எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பாவும் தட்டினார்.